தண்ணி கேன் சப்ளை: 2 வருஷம் பொறுத்துட்டுதான் எழுதுறேன்

எங்க தெருவுக்கு 20 லிட்டர் கேன் போடுறவர்கிட்டதான் 2 வருஷமா வாங்கினோம், பேர் வேணாம். காலைல போன் பண்ணா ராத்திரி வரும், சரி பரவால்லன்னு விட்டோம், மூடி சீல் லூசா இருக்கும், கேன்ல ஐஎஸ்ஐ முத்திரை பக்கத்துல இருக்கிற ஐஎஸ் 14543ங்கிற (பேக் பண்ண குடிதண்ணிக்கான தர நம்பர்) நம்பரே படிக்க முடியாத அளவுக்கு அழிஞ்சிருக்கும், கேட்டா "அடுத்த தடவ நல்லதா தரேன் சார்"னு சொல்லுவாரு, மூணு மாடி தூக்கிட்டு வர்றாங்களேன்னு அதையும் விட்டோம்.

போன வாரம் 5 ரூபா சில்லறை இல்லன்னு கேனை கீழயே வச்சுட்டு போயிட்டாங்க. அம்மாவுக்கு முட்டி வலி, வீட்ல அவங்க மட்டும்தான். அன்னிக்கே நிறுத்திட்டேன். "5 ரூபாக்கா சார் இப்படி?"ன்னு கேட்டாரு.

5 ரூபாக்கு இல்லண்ணே. 475வது குறள், "பீலிபெய் சாகாடும் அச்சிறும்". மயிலிறகு ஏத்தின வண்டிதான், ஆனா அளவு மீறி ஏத்துனா அச்சு முறிஞ்சிடும். வலியறிதல் அதிகாரத்துல ராஜாவுக்கு சொன்னது, வீட்டுக்கும் அப்படியே பொருந்துது. எல்லாரும் கடைசி இறகு மேலதான் பழி போடுறோம், குறள்ல கடைசி இறகுன்னு ஒன்னு கிடையவே கிடையாது, "சால மிகுத்துப் பெயின்"னுதான் இருக்கு, மொத்த பாரம்தான் முறிக்குது.

தண்ணி டேஸ்ட் நல்லா இருந்துச்சு, அதுக்கு 2 ஸ்டார். இப்போ பக்கத்து தெரு கடைல நானே போய் எடுத்துட்டு வரேன்.