ரெட்டை லீடிங் ஷூ கிட்: பெட்டியில் வருவது பாதி பிரேக்தான்

பழைய மோட்டார் சைக்கிளில், ஒரே கேம் (ஷூவை விரித்துத் தள்ளும் துண்டு) வைத்த 7 அங்குல முன் டிரம் பிரேக்கில் இரண்டு ஷூ இருந்தாலும் உழைப்பது ஒன்றுதான். கேம் பக்கத்திலிருந்து பிவட்டை (ஷூ ஊன்றித் திரும்பும் முனையை) நோக்கி டிரம் உரசிப் போகும் ஷூவை உராய்வே இன்னும் இறுக்கும்; இதுதான் லீடிங் ஷூ. எதிர்ப்பக்க ஷூவை அதே உராய்வு தள்ளிவிடும். ரெட்டை லீடிங் ஷூ கிட்டில் ஷூவுக்கு ஒரு கேம் என்பதால், முன்னோக்கி ஓடும்போது இரண்டுமே இறுகும் பக்கம் வந்துவிடுகின்றன. டிரையம்ப் 1968ல் தன் 650 சிசி வண்டிகளுக்கு 8 அங்குல டிரம்மில் கொடுத்தது இதே ஏற்பாடுதான். பழைய வீல், ஹப், ஃபோர்க் எதையும் மாற்றாமல் ஷூக்களைத் தாங்கி டிரம்மை மூடும் பிளேட்டை மட்டும் மாற்றினால் போதும் என்பது இந்த வகை கிட்டின் பெரிய வசதி.

பெட்டியில் அலுமினிய பிளேட், இரண்டு கேம், கேமைத் திருப்பும் இரண்டு ஆர்ம், அவற்றை இணைக்கும் லிங்க் ராடு, ஸ்பிரிங்கோடு ஷூக்கள் இருக்கும். வார்ப்பு பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. ஏமாற்றுவது ஷூதான். ஷூவின் மேல் ஒட்டிய உராய்வுப் பட்டையான லைனிங்கின் வளைவு உங்கள் டிரம்முக்குப் பொருந்தி வந்தால் அது அதிர்ஷ்டம். லைனிங்கில் சாக்பீஸ் தடவி, வீலை மாட்டி, லிவரை லேசாகப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றிக் கழற்றிப் பாருங்கள். நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் சாக்பீஸ் அழிந்திருந்தால் பிடிப்பதும் அவ்வளவுதான். அப்படியே ஓட்டிவிட்டு 'கிட் சரியில்லை' என்று திட்டுபவர்கள்தான் அதிகம்.

சரியான வழி லேத். முதலில் டிரம்மைக் கடைய வேண்டும், அதுவும் ஸ்போக்ஸ் கட்டிக் கோட்டம் எடுத்த பிறகு. ஸ்போக்ஸ் இழுப்பில் டிரம் லேசாக ஓவல் ஆகும். தனி ஹப்பைக் கடைந்துவிட்டுப் பிறகு ஸ்போக்ஸ் கட்டினால் வேலை வீண், லிவரில் துடிப்பு அப்படியே இருக்கும். அதற்கப்புறம் ஷூக்களைப் பிளேட்டிலேயே மாட்டி, கேம்களை அரை மில்லிமீட்டர் விரித்து நிறுத்தி, டிரம்மின் உள்விட்டத்துக்கு லைனிங்கைக் கடையவும். கேம் பக்க முனையில் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குச் சரிவாகத் தேய்த்துவிட வேண்டும். இதை விட்டால் முனை கடித்துப் பிடிக்கும், கீச்சென்று கத்தும். கழற்றும் பழைய லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

கிட்டோடு வரும் காகிதத்தில் லிங்க் ராடு செட்டிங் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை. இந்த பிரேக்கின் உயிரே அங்கேதான். ராடின் ஒரு முனையை ஆர்மோடு பூட்டும் ஆணியைக் கழற்றுங்கள். இரண்டு ஆர்மையும் தனித்தனியாக, அந்தந்த ஷூ டிரம்மைத் தொடும் வரை திருப்பிப் பிடித்துக்கொண்டு, அந்த ஆணி தானாக வழுக்கி உள்ளே போகும் நீளத்துக்கு ராடைத் திருகுங்கள். ஆணியைத் தட்டி ஏற்ற வேண்டியிருந்தால் நீளம் தவறு. ஒரு ஷூ முந்திக்கொள்ளும், மற்றது சும்மா இருக்கும். அடுத்து ஆக்சில் நட்டைத் தளர்த்தி, லிவரை இறுகப் பிடித்தபடியே மறுபடி முறுக்குங்கள். பிளேட் டிரம்மின் மையத்துக்கு வந்து உட்காரும். லைனிங் படிந்த பிறகு, சுமார் 200 கிலோமீட்டரில், ராடு செட்டிங், பிளேட்டை மையத்துக்குக் கொண்டுவருவது இரண்டையும் இன்னொரு முறை செய்ய வேண்டும்.

கேபிளில் கஞ்சத்தனம் வேண்டாம். லிவரை முழுபலத்தில் பிடிக்கும்போது வெளி உறையின் வளைவு நிமிர்ந்து அசைந்தால், உங்கள் கைபலம் அங்கேயே செலவாகிறது. முழுப் பிடியில் ஆர்முக்கும் கேபிளுக்கும் இடையே கிட்டத்தட்ட 90 டிகிரி இருக்க வேண்டும்; அதைத் தாண்டினால் இழுப்பின் வலு குறையும்.

பிளேட்டை ஃபோர்க்கில் பூட்டும் இடத்தை மட்டும் இரண்டு முறை பாருங்கள். முன்பைவிட அதிக முறுக்கு அங்கே வருகிறது. அந்தப் பிடி விட்டால் பிளேட் வீலோடு சேர்ந்து சுழலும், கேபிள் சுற்றிக்கொள்ளும், வீல் அப்படியே பூட்டிக்கொள்ளும்.

டிஸ்க்கோடு ஒப்பிட்டால்? நீண்ட இறக்கத்தில் டிரம் சூடேறி விரியும், லிவர் கைப்பிடியை நெருங்கும். டிஸ்க்கில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் டிஸ்க்குக்கு ஹப், ஃபோர்க் கால் எல்லாமே மாறும், லிவர் பக்கம் பிரேக் எண்ணெயை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரும் வேண்டும். அதிலும் ஒற்றை டிஸ்க்குக்கு 15.9 மி.மீ. உள்விட்ட மாஸ்டர் சிலிண்டர் போட்டால் லிவர் கட்டை மாதிரி இருக்கும். 12.7 மி.மீ. போட்டால் அதே கைபலத்துக்கு சுமார் 1.57 மடங்கு அழுத்தம், லிவரின் ஓட்டமும் அதே அளவு கூடும். வண்டியின் பழைய முகம் கெடாமல் இருக்க வேண்டும், லேத்காரரும் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறார் என்றால் ரெட்டை ஷூவே போதும்.

பிளேட்டில் காற்றுத் துவாரம் இருந்தால் மழையில் தண்ணீரும் அதே வழியாகத்தான் வரும். முதல் பிடி வழுக்கும். ஏற்றத்தில் நிற்கும்போது வண்டி பின்னால் உருண்டால் இரண்டு ஷூவுமே தள்ளப்படும் பக்கமாகிவிடும், முன் பிரேக் பழையதைவிட மோசமாகப் பிடிக்கும். அங்கே கால் பிரேக்கை நம்புங்கள்.