ஜெய்சால்மர் 'தேசியப் பூங்கா சஃபாரி': 14,800 ரூபாய் போச்சு, பூங்காவைக் கண்ணில் காட்டவில்லை

கானமயில் (Great Indian Bustard என்கிற அரிய பெரிய பறவை) பார்க்க ராஜஸ்தானின் ஜெய்சால்மர் கிளம்புகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன், வார்த்தை கொஞ்சம் முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுற்றுலா முன்பதிவுச் செயலி ஒன்று. "பாலைவனத் தேசியப் பூங்கா ஜீப் சஃபாரி, நான்கு பேர், வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் சேர்த்து 14,800 ரூபாய்." முழுத் தொகையும் முன்பணமாக. நம்ப வைத்தது அந்த அனுமதிச் சீட்டுதான். பணம் போன சில நிமிடங்களில் முத்திரையோடு வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தது. உண்மையான அனுமதிக்கு அடையாள அட்டை விவரம் கொடுக்க வேண்டும். இவர்கள் ஒருவருடைய ஆதாரையும் கேட்கவில்லை. சீட்டில் ஆட்கள் பெயர் கிடையாது, வண்டி எண் கிடையாது, எந்த நுழைவிடம் என்பதும் கிடையாது.

ஜீப் போய் நின்ற இடம் சம் மணல்மேடு. ஒட்டகச் சவாரி, மணலில் வண்டியை ஏற்றி இறக்கும் கூத்து, கூடாரத்தில் ஆட்டம் பாட்டம். கானமயில் இருக்கும் பூங்காப் பகுதியான சுதாசரிக்கு எப்போது போவோம் என்று கேட்டால் "கேட் பந்த்" (கேட் மூடியிருக்கிறது) என்று ஒரே பதில்.

ஏமாற்று எங்கே இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். பூங்கா 3,162 சதுர கி.மீ., ஜெய்சால்மர், பார்மேர் என இரண்டு மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. உள்ளேயே ஊர்களும் சாலைகளும் இருக்கின்றன. அதனால் எல்லையை ஓரிடத்தில் தொட்டுவிட்டு "பூங்காவுக்குக் கூட்டிப்போனோம்" என்று சொல்லிவிட முடிகிறது. ஆனால் கானமயில் மணல்மேட்டுப் பறவையே அல்ல. சேவண் புல் வளரும் திறந்த வெளியும் சரளைத் தரையும்தான் அதற்கு இடம். வெறும் தரையில் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை இடும். ஆடுமாடும் நாயும் நுழையாமல் இருக்கத்தான் வனத்துறை சுதாசரி போன்ற இடங்களில் வேலி போட்டு வைத்திருக்கிறது. சுதாசரி இருப்பது சம், குரி என்ற இரண்டு ஊர்களுக்கும் நடுவில். நேரமும் முக்கியம். வெயில் ஏறினால் கானல் அலையில், ஒரு மீட்டர் உயரப் பறவைகூட தொலைநோக்கியில் கலங்கிப் போகும். காலையில் வெளிச்சம் வரும்போதே அங்கே இருக்க வேண்டும். இவர்கள் விற்றது மாலை 4 மணி 'சூரிய அஸ்தமன சஃபாரி'! பறவை பார்க்க வைக்கும் எண்ணம் முதலிலேயே இல்லை என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

பிறகு அலைக்கழிப்பு. செயலியின் உதவி எண்ணில், "உள்ளூர் ஏஜென்டிடம் பேசுங்கள்." ஏஜென்ட், "பணம் செயலிக்குத்தானே போனது." திரும்பச் செயலியில் புகார் போட்டால், "சம் பூங்கா எல்லைக்குள் வருவதால் சேவை வழங்கப்பட்டுவிட்டது" என்று எழுதிப் புகாரை மூடிவிட்டார்கள். 14,800 ரூபாய்க்கு ஈடாக 500 ரூபாய் கூப்பன், அதுவும் அடுத்த பயணத்துக்காம். வனத்துறைக்குக் கட்டிய ரசீது எங்கே என்ற கேள்விக்கு மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. 14,800 ரூபாயில் ஒரு ரூபாயாவது அரசுக்குப் போனதா என்பதே சந்தேகம்.

விரிவாக எழுத நினைத்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான். அனுமதியை ஜெய்சால்மரில் உள்ள பூங்கா அலுவலகத்தில் நேரில் விசாரித்து வாங்குங்கள், ரசீது கையில் வர வேண்டும். விளம்பரத்தில் மணல்மேடும் ஒட்டகமும் மட்டும் இருந்தால் விட்டுவிடுங்கள். 'சுதாசரி' என்ற பெயரை எழுத்தில் வாங்காமல் முன்பணம் போடாதீர்கள். சம்மில் உள்ள கானமயில் இனப்பெருக்க மையத்தில் குஞ்சு காட்டுகிறேன் என்பவன் பொய் சொல்கிறான், அது சுற்றுலா இடம் அல்ல. ஏற்கெனவே மாட்டியவர்கள் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் உடனே பதிவு செய்யுங்கள். கடன் அட்டையில் கட்டியிருந்தால் வங்கியிலும் இன்றைக்கே எழுதிக் கொடுங்கள், தள்ளிப்போட்டால் காலக்கெடு போய்விடும்.