முதியோர் சத்துப் பவுடர்: டின்னின் முன்பக்கத்தை நம்பிக் காசைக் கொடுக்காதீர்கள்

கோலாலம்பூரில் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வயசான அப்பா அம்மா இருக்கும் குடும்பங்கள் இதைக் கொஞ்சம் கவனமாகப் படிக்கவும். 'இலவச உடல் பரிசோதனை' என்று கூப்பிட்டு, கடைவீட்டு மாடியில் ஏர்கான் போட்டு, தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) கொடுத்து உட்கார வைத்து விற்கிறார்களே, அந்தச் சத்துப் பவுடரைப் பற்றியது இது.

"அம்மா, இதைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிங்க" என்று கம்ப்யூட்டரில் மாட்டிய உலோகக் குச்சி ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். ஒரு நிமிடத்தில் பக்கம் பக்கமாக ரிப்போர்ட் வரும்: எலும்பு பலவீனம், சிறுநீரகம் மந்தம், புரதம் போதவில்லை. குச்சியைப் பிடித்தால் சிறுநீரகம் தெரியும் என்றால், அரசாங்க கிளினிக்கில் ரத்தம் எடுக்கக் காலையிலேயே ஏன் வரிசை நிற்கிறது? ஆனால் எடை குறைந்துபோன எழுபது வயதுக்காரரிடம் 'புரதம் போதவில்லை' என்று சொன்னால் பாதி நேரம் அது உண்மையாகவே இருக்கும். அதனால்தான் நம்பிவிடுகிறார்கள்.

இப்படி விற்கப்பட்ட ஒரு டின்: 800 கிராம், 238 வெள்ளி (ரிங்கிட்). முன்பக்கத்தில் 'உயர் சத்து', 'சீனி சேர்க்கவில்லை'. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் சேர்மானப் பட்டியல். எது அதிகமோ அதுதான் பட்டியலில் முதலில் வரும். இதில் முதலில் மால்டோடெக்ஸ்ட்ரின், அடுத்து க்ரீமர், பிறகு ஓட்ஸ் மாவு. ஏஜெண்ட் வாய் ஓயாமல் புகழ்ந்த, உண்ணத்தகுந்த பறவைக்கூடும் தேனீப்பாலும் கடைசி வரியில். 30 கிராம் ஒரு கப்புக்குப் புரதம் 3 கிராம். ஆக, டின் முழுக்கச் சேர்த்து 80 கிராம். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் உண்டு. 13 முட்டைக்கான புரதத்தை 238 வெள்ளிக்குத் தள்ளிவிட்டிருக்கிறார்கள்.

'சீனி சேர்க்கவில்லை' என்பது பொய்யில்லை, அதுதான் தந்திரம். மால்டோடெக்ஸ்ட்ரின் மாவுச்சத்து, லேபிளில் சீனிக் கணக்கில் வராது, ரத்தத்தில் குளுக்கோஸாக வேகமாக ஏறும். இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர் நாளுக்கு மூன்று கப் குடித்தால் சர்க்கரை கூடும், சிறுநீர் அடிக்கடி போகும், உடம்பில் தண்ணீர் வற்றும். தலைசுற்றுகிறது என்று ஏஜெண்டுக்குப் போன் போட்டால், "பயப்படாதீங்க, நச்சு வெளியேறுது, இன்னும் ஒரு கப் கூட்டிக் குடிங்க" என்பார். அந்த வார்த்தையைக் கேட்டதும் பவுடரை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள்.

அதைவிடக் கெடுதல், 'ராத்திரி சாப்பாட்டுக்குப் பதில் ஒரு கப்' என்ற யோசனை. வயதானவருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ என்றால் 60 முதல் 72 கிராம். மீனும் பருப்பும் இருந்த தட்டை எடுத்துவிட்டு 3 கிராம் கப்பை வைத்தால் தசைதான் கரையும். டாக்டர் எழுதித்தரும் நல்ல சத்துபானமாக இருந்தாலும் இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு இடைப்பட்ட நேரத்தில்தான் கொடுக்க வேண்டும்.

தண்ணீர் விஷயத்திலும் இவர்கள் சொல்லும் 'தினம் மூன்று லிட்டர்' எல்லோருக்கும் பொருந்தாது. இதயம் பலவீனமானவர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர், கால் வீங்கி நீர் மாத்திரை சாப்பிடுபவர் ஆகியோருக்கு அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். மற்ற முதியவர்களுக்கு ஐரோப்பிய வழிகாட்டி தரும் அளவு, பானங்களாகப் பெண்ணுக்கு 1.6 லிட்டர், ஆணுக்கு 2 லிட்டர். தே, பார்லி, ரசம் எல்லாம் இதில் சேரும். வயசானால் தாகம் எடுப்பது குறைந்துவிடும், கேட்டால் "வேணாம்" என்றுதான் சொல்வார்கள். ராத்திரி எழுந்து கழிப்பறைக்குப் போகப் பயந்து குடிக்காமல் இருப்பவர்களும் நிறைய. எழுந்ததும் ஒரு கிளாஸ், மாத்திரையோடு ஒன்று என்று பெரும்பகுதியை மாலை ஆறு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

இன்னொரு வகை இதைவிட ஆபத்து. ஜாமு (மலாய், இந்தோனேசிய நாட்டு மருந்து), மூலிகைப் பவுடர் என்று வருவதில் சிலவற்றில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டெராய்டு கலந்திருப்பதை மலேசிய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறார்கள். குடித்த சில நாளிலேயே பசி அள்ளும், மூட்டு வலி பறந்துவிடும், வாரங்கள் போகப் போக முகம் உப்பும், தோல் லேசாகப் பட்டாலே கன்றிப்போகும். மாதக்கணக்கில் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து மயங்கலாம். டின்னோடு அன்றைக்கே டாக்டரிடம் போங்கள், அவர் சொல்கிறபடி நிறுத்துங்கள்.

ஏஜெண்ட் காட்டும் சான்றிதழ்களில் மெஸ்தி என்பது உணவுத் தயாரிப்பிடத்தின் சுத்தத்தையும் பாதுகாப்பையும் பற்றியது, ஹலால் ஹலாலைப் பற்றியது. நோய் குணமாகும் என்று இரண்டுமே சொல்லவில்லை. மருந்து, மூலிகை மருந்து, சத்து மாத்திரை என்றால் எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கி எட்டு இலக்கமும் கடைசியில் எழுத்தும் உள்ள பதிவெண் வேண்டும், அதை மலேசிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்.பி.ஆர்.ஏ. (NPRA) இணையதளத்தில் தட்டிப் பாருங்கள், வேறு பொருளின் எண்ணை ஒட்டியிருப்பதும் உண்டு. சாதாரணச் சத்துபானம் உணவு வகை, அதற்கு இந்த எண் இருக்காது. அப்படியானால் அது இனிப்புநீரைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்யவும் 1956 மருந்து விளம்பரச் சட்டம் இடம் தராது.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? வீடு தேடி வந்து விற்றிருந்தால், 1993 நேரடி விற்பனைச் சட்டப்படி 10 வேலை நாளுக்குள் ஒப்பந்தத்தை ரத்து செய்ய வழி உண்டு (சிறு தொகைக்குப் பொருந்தாமல் போகலாம்); எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். மாடிக்குப் போய் வாங்கியிருந்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரை கோரலாம், கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் வேண்டியதில்லை. ரசீது, காலி டின், குச்சி ரிப்போர்ட், 'நச்சு வெளியேறுது' என்று ஏஜெண்ட் அனுப்பிய வாட்ஸ்அப் குரல்பதிவு, எதையும் அழித்துவிடாதீர்கள்.