கேனன் பி ரேஞ்ச்ஃபைண்டர்: நெல்லை வெயிலுக்கு எந்த லென்ஸு தேறும்?

ரேஞ்ச்ஃபைண்டர்னாலே (லென்ஸ் வழியா பாக்காம, தனி ஜன்னல் வழியா பாத்து போக்கஸ் வைக்குத பிலிம் காமிரா) ஜெர்மன்காரன் லைக்காதான்னு நெனச்சிக்கிட்டு, வெலயக் கேட்டதும் ஆசைய மூட்டகட்டி வச்சிருத ஆளுக நம்ம பக்கம் கொள்ளப் பேரு இருக்காங்க, அவங்களுக்காகத்தான் இத எழுதுதேன். கேனன் பி-ன்னு ஒரு காமிரா, 1959-ல ஜப்பான்ல வந்தது, லென்ஸ் மாட்டுத எடம் லைக்காவோட பழைய 39 மில்லிமீட்டர் திருகு மவுண்டு, அதனால ஜப்பான், ஜெர்மன், ரஷ்யான்னு அந்தத் திருகுல வந்த லென்ஸ்ல முக்காவாசி மாட்டிக்கிடலாம். வெளிச்சம் அளக்குத மீட்டர் கெடையாது, பேட்டரி கெடையாது, ஆட்டோன்னு ஒரு எழவும் கெடையாது. பாளையங்கோட்டையில முன்னால ஸ்டூடியோ வச்சிருந்த அண்ணாச்சி ஒருத்தர்கிட்ட இருந்து எனக்கு வந்தது. மீட்டர் இல்லாம எப்படி அண்ணாச்சின்னு கேட்டேன், "வெயிலு மண்டையப் பொளக்கு, மீட்டரு எதுக்குவே, பதினாறுல வச்சு அமுக்கும்"னுட்டாரு. பதினாறுன்னா எஃப் 16, லென்ஸ் துவாரத்தோட (அப்பர்ச்சர்) அளவு, நம்பர் கூடக்கூட துவாரம் சின்னதாகும்.

பாடி இரும்புக்குண்டுதான், ஆனா கையில வாகா உக்காருது. பின்கதவு முழுசா தெறக்கும், பழைய திருகு லைக்கால அடிவழியா பிலிம சொருகுத கூத்து இதுல இல்ல. ஷட்டர் தெரை துணியில்ல, மெல்லிசான எவர்சில்வர் தகடு. நம்ம ஊருக்கு இது பெரிய விஷயம், ஏன்னா லென்ஸ் வழியாவே பாக்குத எஸ்எல்ஆர் காமிராவுல இருக்க மாதிரி ரேஞ்ச்ஃபைண்டருக்குள்ள கண்ணாடி மறைப்பு ஒண்ணும் கெடையாதுல்லா, மூடி போடாம கழுத்துல தொங்கவிட்டு சூரியனப் பாத்தாப்ல இருந்தா லென்ஸு பூதக்கண்ணாடி கணக்கா வேல செஞ்சு துணித்தெரைய ஓட்ட போட்டுரும். தகட்டுக்கு அந்தப் பயம் கம்மி. ஆனா கைபட்டா கசங்கும், இப்போ வெலைக்கு வாரதுல பாதிக்கு மேல கசங்கினதுதான். கசங்கல் இருக்குன்னு பயப்படாதீங்க, எல்லா ஸ்பீடுலயும் முட்டாம ஓடுதா, வெளிச்சம் கசியுதான்னு மட்டும் பாருங்க.

இந்தக் காமிராவோட உசுரே ஃபைண்டர்தான், அதான் கண்ண வச்சு பாக்குத ஜன்னல். ஒண்ணுக்கு ஒண்ணு அளவு, அதாவது வெறுங்கண்ணுல தெரியுத அதே சைஸ்ல தெரியும், ரெண்டு கண்ணையும் தெறந்து வச்சிக்கிட்டு படம் எடுக்கலாம், படத்தோட எல்லையக் காட்டுத பிரேம் கோடு அந்தரத்துல மெதக்குத மாதிரி இருக்கும், கோட்டுக்கு வெளிய ஒருத்தன் சைக்கிள்ல வாரது முன்கூட்டியே தெரியும், அமுக்குத நேரத்துல எஸ்எல்ஆர் மாதிரி இருட்டிட்டும் போகாது. போக்கஸுக்கு நடுவுல ஒரு சின்னக் கட்டம், அதுல ரெண்டா தெரியுத உருவம் ஒண்ணா சேந்தா போக்கஸ் சரி.

அதுலயும் ஒரு எடக்கு இருக்கு. பத்தமடையில பாய் நெய்யுதத எடுக்கப் போனப்பதான் புரிஞ்சது. இந்தக் கட்டத்துல உருவம் எடம் வலமாத்தான் நகரும், அதனால கோரை படுக்கவசமா கெடந்தா எவ்வளவு திருகினாலும் வித்தியாசமே தெரியாது. சரின்னு காமிராவத் திருப்பிப் பிடிச்சா எல்லாம் நெட்டுக்குத்தா ஒரே மாதிரி கோடு, எந்தக் கோரையோட எந்தக் கோரை சேருதுன்னு பகவானுக்குத்தான் வெளிச்சம். கடைசியில நெய்யுத அக்காவோட வெரல் நகத்துல போக்கஸ் வச்சேன், டக்குனு சேந்துட்டு.

இப்போ லென்ஸுக்கு வருவோம். எல்லாரும் எஃப் 1.4, எஃப் 1.2-ன்னு அலையுதாங்க. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்க. 200 ஐஎஸ்ஓ பிலிம், நல்ல வெயிலு, அண்ணாச்சி சொன்ன பதினாறுல 250 ஸ்பீடு, அதாவது செகண்டுல 250-ல ஒரு பங்கு. இந்தக் காமிராவோட உச்ச ஸ்பீடு 1000. அதுக்கு எஃப் 8. அவ்வளவுதான், அதுக்கு மேல மத்தியானத்துல லென்ஸத் தெறக்கவே முடியாது, வெளிச்சத்தக் கொறைக்குத என்டி பில்டர் மாட்டினாத்தான் உண்டு. வண்ணாரப்பேட்டை ரோட்டுல பகல் பன்னெண்டு மணிக்கு எஃப் 1.2-வும் எஃப் 2.8-ம் ஒண்ணுதான், மேல குடுத்த துட்டெல்லாம் கழுத்துவலிக்குத்தான்.

அதனால என் ஓட்டு கேனன் 50 மில்லிமீட்டர் எஃப் 1.8-க்கு. சின்னது, நல்லா ஷார்ப்பு, பழைய கோட்டிங்கால கான்ட்ராஸ்ட் கொஞ்சம் கம்மி, அது நம்ம வெயிலுக்கு நல்லதுதான், நெழல்ல இருக்க விவரம் கருகிப் போகாது. கல்லிடைக்குறிச்சியில அப்பளம் தேய்க்குத வீட்டுக்குள்ள, ஜன்னல் வெளிச்சத்துல 400 பிலிம் போட்டு 1.8-ல 30 ஸ்பீடு வச்சே ஆடாம எடுக்க முடிஞ்சது, கண்ணாடி அடிக்குத அதிர்வு இல்லைல்லா. ஆனா இந்த லென்ஸுக்கு ஒரு பெறவிச் சீக்கு இருக்கு, அப்பர்ச்சர் பிளேடுக்குப் பின்னால உள்ள கண்ணாடியில மங்கல் படியும், சிலதுல கண்ணாடியையே அரிச்சிரும், துடைச்சாலும் போகாது. ஆன்லைன்ல ஒருத்தரு புத்தம்புதுசு மாதிரின்னு போட்டு அனுப்பினத போன் டார்ச்சு அடிச்சுப் பாத்தா உள்ள மார்கழிப் பனி. திருப்பி அனுப்பித் துட்ட வாங்குததுக்குள்ள தாவு தீந்துட்டு. வாங்கும்போது டார்ச்சு படம் இல்லாம வாங்காதீங்க. பில்டர் சைசும் 40, எந்தக் கடையிலயும் கெடைக்காது, பொதிகை மலைக்கு மேல மேகம் தெரியணும்னு மஞ்ச பில்டர் தேடி நான் பட்ட பாடு இருக்கே.

துட்டு இன்னும் கம்மின்னா ரஷ்யாக்காரன் ஜூபிட்டர் 8, 50 எஃப் 2. பழைய ஜெர்மன் சோனார் டிசைன், முகம் எடுத்தா அம்புட்டு அழகா இருக்கும், 40.5 பில்டர் சல்லிசா கெடைக்கும். ஆனா அவன் அளவு வேற, லைக்கா அளவு வேற, கிட்டத்துல முழுசா தெறந்து எடுத்தா போக்கஸ் கொஞ்சம் தப்பும். 5.6-க்கு மேல வச்சா தெரியாது.

50-ஐ விட அகலமா பாக்குத 35 மில்லிமீட்டர் லென்ஸுதான் தலவலி. டவுன் ரத வீதிக்கு 35 வேணும்னுதான் மனசு சொல்லுது, ஆனித் தேரோட்டத்துல வடம்புடிக்குத கூட்டத்துக்குள்ள நின்னா 50-ல தேர்ச் சக்கரம்தான் தெரியும். ஆனா ஒண்ணுக்கு ஒண்ணு ஃபைண்டர்ல 35 கோடு ஓரத்துக்கே போயிருது, என்ன மாதிரி மூக்குக்கண்ணாடி போட்டவனுக்கு கண்ண உருட்டினாத்தான் மூலை தெரியும். போதாததுக்கு ஃபைண்டர் வளையம் இரும்பு, கண்ணாடிய கீறிரும், நான் சின்ன ரப்பர் வளையம் ஒட்டிருக்கேன். கண்ணு சரியா இருக்கவங்க யோசிக்காம கேனன் 35 எஃப் 2 வாங்கலாம், 1962-ல வந்தது, தம்மாத்துண்டு, இப்போ வெலதான் ஏறிப்போச்சு. நான் 35 எஃப் 2.8 வாங்கி மேல தனி ஃபைண்டர் சொருகிட்டேன். எஃப் 8-ல வச்சு 3 மீட்டர்ல நிறுத்திட்டா ஏறக்குறைய 2 மீட்டர்ல இருந்து 7 மீட்டர் வரைக்கும் தெளிவா விழுந்துரும், கட்டத்தப் பாக்கவே வேண்டாம், தெருவுல இதுதான் வேகம். கண்ணாடி போட்டவங்க 35-ஐ மட்டுமே நம்பி ரேஞ்ச்ஃபைண்டர் வாங்குததா இருந்தா, கேனன் பி வேண்டாம், துட்டு சேத்து லைக்கா எம்2 பாருங்க, அதுல ஃபைண்டர் 0.72 மடங்கு அளவுலதான் காட்டும், 35 கோடு தாராளமா தெரியும். எம்3 வாங்கிராதீங்க, அதுல 35 கோடே கெடையாது.

100-க்கும் கோடு இருக்கு, நடுவுல துக்கடாவா. தேவைப்படல. கூந்தன்குளம் பறவைக்கெல்லாம் இது ஆகாது.

பிலிம் கழுவுததுதான் இங்க செரமம். கலர்னா நான் சென்னைக்குக் கூரியர் போட்டுருதேன். கறுப்பு வெள்ளைய வீட்லயே கழுவுதேன், எச்பி5 பிலிமு, டி-76 டெவலப்பரு, ஒண்ணுக்கு ஒண்ணு தண்ணி கலந்து 20 டிகிரியில கழுவணும். சித்திரையில நம்ம டேங்க் தண்ணிய 20-க்குக் கொண்டுவர முடியுமா? மண்பானைத் தண்ணியில ரெண்டு ஐஸ் கட்டி போட்டு 24-க்கு எறக்கி, நேரத்தக் கொறச்சு முடிச்சிருதேன், கிரெய்ன் ஒண்ணும் கூடல. குத்தாலம் சீசனுக்கு இத எடுத்துட்டுப் போறவங்க சாரல்ல நனைஞ்ச பையோட அப்படியே பீரோவுல தூக்கிப் போடாம லென்ஸ வெளிய எடுத்து சிலிக்கா ஜெல்லோட டப்பால வைங்க, பூஞ்சை புடிச்ச லென்ஸ யாரும் பாதி வெலைக்குக் கூட கேக்க மாட்டாங்க.