எழுத்தில் ஆடும் மாஃபியா: பல ஆட்டங்களுக்குப் பிறகு ஒரு மதிப்பீடு

ராஜா, ராணி, போலீஸ், திருடன் என்று சீட்டெழுதிக் குலுக்கிப் போட்டு ஆடியவர்களுக்கு மாஃபியாவை அதிகம் விளக்க வேண்டியதில்லை. அங்கே போலீஸ் சீட்டு வந்தவர் ஒருவர் மட்டும் திருடனைத் தேடுவார். இங்கே தேடுவது ஊர் முழுவதன் வேலை, திருடர்களோ ஒருவரையொருவர் முன்பே அறிந்தவர்கள். 1986-ல் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில் திமித்ரி தவிதோவ் உருவாக்கிய ஆட்டம் இது. 1997-ல் ஆண்ட்ரூ பிளாட்கின் மாஃபியாவை ஓநாய் மனிதனாக மாற்றினார். வேடம்தான் மாறியது, அடிப்படை அப்படியே இருக்கிறது: விஷயம் தெரிந்த சிலர், தெரியாத பலர். பகலில் எல்லோரும் பேசி வாக்களித்து ஒருவரை வெளியேற்றுவார்கள். இரவில் மாஃபியா ஒருவரைக் கொல்லும். மாஃபியா எல்லோரும் வெளியேறினால் ஊர் ஜெயிக்கும், ஊர்க்காரர் எண்ணிக்கை மாஃபியாவுக்குச் சமமாகிவிட்டால் மாஃபியா ஜெயிக்கும்.

இங்கே பேசப்போவது, இதை ஆன்லைனில் எழுத்து வழியே நாள்கணக்கில் ஆடும் வடிவத்தைப் பற்றி. 2018-ல் வந்து 2020 ஊரடங்கில் வீடுதோறும் பரவிய அமாங் அஸ் வீடியோ கேம் இதன் உறவுதான். ஆனால் அங்கே யார் எந்த அறையில் நின்றார், யார் யாருடன் போனார் என்று பார்க்க வரைபடம் உண்டு. எழுத்து மாஃபியாவில் அதுவும் இல்லை. முகம் இல்லை, குரல் இல்லை. ஒருவர் என்ன எழுதினார், எந்த நேரத்தில் எழுதினார், யாருக்கு வாக்குப் போட்டார் என்ற மூன்றுதான் கையில் இருக்கும். கேட்க வறட்சியாக இருக்கலாம். ஆனால் நேரில் ஆடும்போது காற்றோடு போய்விடும் ஒரு வாக்கியத்தை, பத்து நாள் கழித்துப் புரட்டி எடுத்து "அன்று ஏன் இப்படிச் சொன்னீர்கள்?" என்று கேட்க முடிகிற ஒரே வடிவம் இதுதான். நேரில் ஆடுவதைவிட இதுவே ஆழமானது என்பதில் சந்தேகமில்லை.

முதலில் எண்ணிக்கை. தவறு பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. 13 பேர், அதில் 3 மாஃபியா என்பது நன்றாக உட்காரும் அளவு. வெளியேற்ற 7 வாக்கு வேண்டும். ஊர் தொடர்ந்து தவறு செய்தால், மூன்று முறை தாங்கும், நான்காவதில் முடிந்துவிடும். புதியவர்கள் அதிகமென்றால் 9 பேர், 2 மாஃபியா போதும். அங்கே இரண்டு தவறு வரை தாங்கும்.

இன்னும் ஒருவர் சேர விரும்புகிறார், ஊர்க்காரராகத்தானே வருகிறார், சேர்த்துக்கொள்வோம் என்று 9-ஐ 10 ஆக்குவது ஊருக்கு உதவி மாதிரித் தெரியும். உண்மையில் அது கேடு. சிறப்பு வேடங்கள் எதுவும் இல்லாமல், வாக்கைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டாலே 9 பேர் ஆட்டத்தில் ஊர் ஜெயிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 30 விழுக்காடு. அதே 2 மாஃபியாவுடன் 10 பேர் என்றால் 22-க்கு இறங்கிவிடும். தாங்கும் தவறுகள் அதே இரண்டுதான், சந்தேகிக்க மட்டும் ஓர் ஆள் கூடிவிட்டார். பகல் தொடங்கும்போது ஒற்றைப்படையில் ஆட்கள் இருப்பதுதான் ஊருக்கு நல்லது.

இதே கணக்கு கடைசிக் கட்டத்திலும் வரும். 4 பேர் மிச்சம், அதில் ஒருவர் மாஃபியா. எல்லோருக்கும் யாரையாவது வெளியேற்றிவிடும் துடிப்பு இருக்கும். அன்று வாக்கே போடாமல் விடுவதுதான் சரி. நான்கில் ஒருவரைத் தேர்ந்தெடுத்துத் தவறினால் அன்றிரவே ஆட்டம் முடிந்தது. விட்டுவிட்டால் இரவில் ஒருவர் போவார், மறுநாள் மூன்றில் ஒருவரைத் தேடினால் போதும். கால் பங்கு வாய்ப்பு மூன்றில் ஒரு பங்காகிறது. "வாக்கு இல்லை" என்பதும் செல்லுபடியாகும் என்று ஆட்டத்தை நடத்தும் ஹோஸ்ட் விதியிலேயே எழுதிவைக்காவிட்டால், அந்த நேரத்தில் அதை வைத்தே ஒரு பெரிய சண்டை வரும்.

13 பேர் ஆட்டத்தில் வேடமே இல்லாவிட்டால் ஊரின் குருட்டு வாய்ப்பு சுமார் 21 விழுக்காடுதான். அதனால்தான் இரவில் ஒருவரைக் கொலையிலிருந்து காக்கும் ஒரு டாக்டரும், இரவில் ஒருவரை விசாரித்து அவர் மாஃபியாவா என்று அறியும் ஒரு போலீஸும் வைப்பது வழக்கம். டாக்டரைப் பற்றி ஒரு தப்புக் கணக்கு பரவலாக இருக்கிறது. ஒரு உயிரைக் காப்பாற்றினால் ஊருக்கு ஒரு நாள் கூடுதல் என்று நினைக்கிறார்கள். இல்லை. ஒரு முறை காப்பாற்றினால் எண்ணிக்கை இரட்டைப்படைக்குப் போகும், தாங்கும் தவறுகள் அதே மூன்றுதான். இரண்டு முறை காப்பாற்றினால்தான் அது நான்காகும். அப்படியானால் முதல் முறை காத்ததால் என்ன பயன்? பிந்தைய கட்டத்தில் ஒரு பகலை வாக்கில்லாமல் கடத்தும் சலுகை கிடைக்கிறது. அதோடு, மாஃபியா குறிவைத்த ஒருவர் உயிரோடு இருக்கிறார், அவர் பெரும்பாலும் ஊர்க்காரர் என்று டாக்டருக்குத் தெரிகிறது. ஒரே ஆளை அடுத்தடுத்த இரவில் காக்கக் கூடாது என்ற விதி அவசியம். அது இல்லாவிட்டால் போலீஸ் தன்னை வெளிப்படுத்திக்கொண்டு டாக்டர் நிழலிலேயே ஆட்டம் முடியும்வரை உட்கார்ந்துவிடுவார்.

போலீஸ் எப்போது வாய் திறக்க வேண்டும் என்பது தீராத விவாதம். மாஃபியா ஒருவர் கண்ணில் பட்டுவிட்டால் மறுநாளே சொல்லிவிடலாம், அதில் தயக்கம் வேண்டாம். "நான்தான் போலீஸ்" என்று இன்னொருவரும் கிளம்பினால் பதற வேண்டியதில்லை. ஒரே போலீஸ்தான் என்று அறிவித்த ஆட்டத்தில், பொய்யான போலீஸ் வேடத்தை ஊர்க்காரர் போட மாட்டார் என்ற ஒழுக்கம் இருந்தால், இருவரில் ஒருவர் நிச்சயம் மாஃபியா. இருவரையும் அடுத்தடுத்து வெளியேற்றினாலும் ஒரு தவறுதான் செலவாகும், ஒரு மாஃபியா உறுதியாகப் போகும். ஊர்க்காரர் விளையாட்டுக்காகப் பொய் வேடம் போடும் குழுவில் இந்தக் கணக்கு அப்படியே உடைந்துவிடும்.

இவ்வளவும் தாளில் உள்ள கணக்கு. நடப்பில் ஊரைச் சாய்ப்பது இரவுக் கொலையைவிட வராத ஆள்தான். பேசாதவர் மாஃபியாவா, வேலையில் மாட்டிக்கொண்டவரா என்று யாராலும் பிரிக்க முடியாது. ஊர் அவரையே வெளியேற்றிப் பார்த்து ஒரு நாளை வீணாக்கும். இல்லையென்றால் அவரை விட்டுவைக்கும், மாஃபியாவும் அதே மௌனத்தில் ஒளிந்துகொள்ளும். 48 மணி நேரம் சத்தமில்லை என்றால் ஹோஸ்ட் தனியே நினைவூட்ட வேண்டும். இன்னும் 24 மணி நேரம் பதில் இல்லை என்றால் மாற்று ஆள். 13 பேர் ஆட்டத்துக்கு 2 மாற்று ஆட்களைத் தொடக்கத்திலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வராதவரை ஹோஸ்டே கொன்றுவிடுவது மிக மோசமான தீர்வு, அது மேலே சொன்ன ஒற்றை இரட்டைக் கணக்கையே புரட்டிவிடும். சேரும் முன்பே கால அளவைச் சொல்லிவிடுவதும் நேர்மை. பகல் 72 மணி, இரவு 24 மணி என்று வைத்தால், கடைசி மூவர் வரை இழுக்கும் 13 பேர் ஆட்டம் 6 பகல், 5 இரவு, மொத்தம் 23 நாள். தேர்வுக் காலத்தில் மாணவர்களை வைத்து இதைத் தொடங்கக் கூடாது.

பகல் முடியும் நேரத்தை இந்திய நேரம் இரவு 9:30 என்று வைப்பது பல நாட்டில் இருப்பவர்களுக்கும் ஒத்துவரும். துபாயில் அப்போது 8 மணி, சிங்கப்பூரில் நள்ளிரவு 12, லண்டனில் குளிர்காலம் என்றால் மாலை 4, கோடையில் 5. "சனிக்கிழமை ராத்திரி 12 மணி" என்று மட்டும் எழுதாதீர்கள். வெள்ளி முடிந்து சனி பிறக்கும் 12-ஆ, சனி முடியும் 12-ஆ என்று பாதிப் பேர் குழம்பி, வாக்கு தவறிப்போகும்.

எதில் ஆடுவது? வாட்ஸ்அப் குழு பழகியது, ஆனால் இதற்குப் பொருந்தாது. அனுப்பிய செய்தியை 15 நிமிடம் வரை திருத்தலாம், எல்லோருக்கும் அழிக்கலாம். நூற்றுக்கணக்கான செய்திகளுக்கு நடுவே மூன்றாம் நாள் வாக்கைத் தேடி எடுப்பதும் பெரும்பாடு. டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் மாஃபியாவுக்கு ஒரு சேனல், இறந்தவர்களுக்கு ஒரு சேனல் என்று பிரிக்கலாம், திருத்தினால் அடையாளம் தெரியும். ஆனால் அழித்தால் தடயமே இருக்காது. எனவே எங்கே ஆடினாலும் திருத்தவும் அழிக்கவும் கூடாது என்பதை முதல் விதியாக வைக்க வேண்டும். வாக்குக்குச் செயலியில் உள்ள கருத்துக்கணிப்பு (poll) வசதியைப் பயன்படுத்தவே கூடாது. அது மொத்தத்தைக் காட்டும், யார் எந்த வரிசையில், எந்தத் தருணத்தில் மாறினார் என்பதைக் காட்டாது. "வாக்கு: இன்னார்" என்று தனி வரியில் எழுதட்டும், மாற்றும்போது "வாக்கு வாபஸ்" என்று எழுதட்டும். ஹோஸ்ட் நாளுக்கு இரண்டு முறை பட்டியல் போட்டால் போதும்.

அந்த வரிசை ஏன் முக்கியம் என்று ஒரு முதல் நாள் முடிவைப் பாருங்கள். கெடுவுக்கு இருபது நிமிடம். ஒருவருக்கு 5 வாக்கு, மற்றவருக்கு 5, இன்னும் 3 பேர் போடவில்லை. அவர்களில் ஒருவர் முதலாமவருக்குப் போட்டு அதை 6 ஆக்குகிறார். இரண்டு நிமிடத்தில் இன்னொருவர் 7 ஆக்கி முடிக்கிறார். வெளியேறியவர் ஊர்க்காரர். மறுநாள் காலை எல்லோரும் 7-ஆவது ஆளைப் பிடித்து உலுக்குவார்கள். அவர் ஓடுகிற வண்டியில் ஏறியவர்தான். இரண்டு நாள் கழித்து அந்த மற்றவர் மாஃபியா என்று தெரிந்தால், கேள்வி கேட்க வேண்டியது 6-ஆவது வாக்கைப் போட்டவரை. சமநிலையை உடைத்து மாஃபியாவைக் காத்தது அவர் கை. எழுதிய வாதங்களை எப்படியும் ஜோடிக்கலாம், இந்த ஒரு வாக்கை அதற்கு முன் திட்டமிட்டு வைப்பது கடினம்.

தமிழில் ஆடும்போது மட்டும் கிடைக்கும் தடயங்களும் உண்டு, இவை அருமையானவை. "நாம்", "நாங்கள்" என்ற வேறுபாடு அதில் முதன்மை. உண்மையான ஊர்க்காரர் "நாம இன்னிக்குத் தப்புப் பண்ணினா" என்று தன்னையும் ஊரையும் சேர்த்து எழுதுவார். மாஃபியா அவசரத்தில் "நீங்க தப்புப் பண்ணினா" என்று விலகி நிற்பார், அரிதாக "நாங்க" என்றே நழுவிவிடும். இன்னொன்று "ஆம்" விகுதி. ஒருவர் தன்னை டாக்டர் என்று சொன்னதும் "டாக்டராம்" என்று எழுதுபவர் நம்பவில்லை, அது இயல்பு. எந்தக் கேள்வியும் இல்லாமல் "டாக்டர் இருக்காரே, அவர் பார்த்துக்குவார்" என்று முதல் வரியிலேயே எழுதுபவருக்கு, அந்த டாக்டர் ஊர்க்காரர் என்பது முன்பே எப்படித் தெரியும்? ஆனால் இவற்றை அந்த ஆளின் பழைய எழுத்தோடு மட்டும் ஒப்பிட வேண்டும். யாழ்ப்பாணத்தவர் எழுதும் பேச்சும் கோவைக்காரர் எழுதும் பேச்சும் ஒரே அளவுகோலில் நிற்காது. போனில் தட்டும்போதும் கணினியில் தட்டும்போதும் ஒரே ஆளின் நடை மாறும்.

ஹோஸ்ட் செய்யும் தவறு ஆட்டத்தை ஒரு நொடியில் கொன்றுவிடும். அடிக்கடி நடப்பது வேடச் செய்தியின் சொற்களில். ஊர்க்காரர் எல்லோருக்கும் எழுத்துக்கு எழுத்து ஒரே செய்தி போக வேண்டும். ஒருவருக்கு "வாழ்த்துகள்" என்றும் மற்றவருக்கு இல்லாமலும் போனால், யாரோ ஒருவர் அதை மேற்கோள் காட்டிய உடனே ஊர்க்காரர் மீதே சந்தேகம் விழும். ஒரே செய்தியாக இருந்தாலும், அதை மேற்கோள் காட்ட முடியாத மாஃபியா மாட்டிக்கொள்ளும். அதனால் வேடச் செய்தியை மேற்கோளாகவோ ஸ்கிரீன்ஷாட்டாகவோ காட்டக் கூடாது, சொந்தச் சொல்லில் மட்டுமே சொல்லலாம்.

நம் ஆட்களோடு ஆடும்போது இன்னொரு விதியும் தவறாமல் வேண்டும்: சத்தியம் கூடாது. "அம்மா மேல சத்தியமா நான் ஊர்க்காரன்" என்று ஒருவர் எழுதிவிட்டால் அதை நம்பியாக வேண்டிய நிலை மற்றவர்களுக்கு. மாஃபியாவாக இருப்பவரால் அப்படி எழுத முடியாது, எழுதாததே காட்டிக்கொடுத்துவிடும். பொய் சொல்வதை ஆட்டத்துக்குள் வைத்துவிட்டு, சத்தியத்தை வெளியே வைத்தால்தான் நட்பு பிழைக்கும்.

ஒரே கூட்டம் ஆண்டுக்கணக்கில் ஆடினால் நன்றாக ஆடுபவர் முதல் இரவிலேயே கொல்லப்படுவது வாடிக்கையாகிவிடும். மூன்று வாரம் காத்திருந்து பெயர் கொடுத்தவர் முதல் நான்கு நாளிலேயே வெளியே நின்றால், அடுத்த முறை வர மாட்டார். இதைத் தவிர்க்க முதல் இரவு கொலை இல்லை என்று வைத்தால், 13 பேர் ஆட்டத்தில் எண்ணிக்கை இரட்டைப்படைக்குப் போகும். அதனால் அந்த விதியை 14 பேர், 3 மாஃபியா ஆட்டத்தில் வைத்தால் இரண்டாம் நாள் 13 பேருடன் தொடங்கும், கணக்கும் ஒழுங்காகும். புனைபெயர்க் கணக்குகளில் ஆடுவது இன்னொரு வழி, ஆனால் இரண்டாம் நாளுக்குள் நடையை வைத்தே பலரைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஆட்டம் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் ஹோஸ்ட் வேடப் பட்டியலையும், இரவு வாரியாக யார் யாரைக் கொன்றார், காத்தார், விசாரித்தார் என்ற அட்டவணையையும், மாஃபியா சேனலையும் இறந்தவர் சேனலையும் திறந்துவிட வேண்டும். மறுநாள் வரை தள்ளிப்போட்டால் பாதிப் பேர் கலைந்துவிடுவார்கள். மூன்று வாரமாக மனதை அரித்த "அந்த 6-ஆவது வாக்கு ஏன்?" என்ற கேள்விக்கு விடை, அந்த மாஃபியா சேனலில் இரவு 9:08-க்கு எழுதிய ஒரு வரியில் இருக்கும்.