பொம்மை ரோலர் கோஸ்டருக்கு எந்த மசகு? நாள்பட ஓட்டியதில் தெரிந்தவை

லூப்பில் (வண்டி தலைகீழாகச் சுற்றிவரும் வளையத்தில்) பாதி ஏறிய வண்டி மேலே போக மனமில்லாமல் பின்னால் வழுக்கி வந்தால் எல்லோருடைய கையும் முதலில் தேடுவது எண்ணெய்ப் புட்டியைத்தான். அது கடைசியில் தேட வேண்டியது. மாதக்கணக்கில் ஓடிய வண்டி மந்தமாவதற்குப் பெரும்பாலும் காரணம் அச்சில் சுற்றிக்கொண்ட தலைமுடியும், மின்விசிறிக் காற்றில் வந்து படிந்த பஞ்சும்தான். அதன்மேல் எண்ணெய் விட்டால் இரண்டு நாள் ஜோராக ஓடும். பிறகு முடி, தூசி, எண்ணெய் மூன்றும் சேர்ந்து கறுப்புப் பசையாகிச் சக்கரத்தை முன்பைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும்.

இங்கே எழுதுவது மூன்று வகை வண்டிகளை மனதில் வைத்து. ஒன்று, லெகோ: 2018இல் வந்த 10261 எண் செட் (4,124 துண்டுகள், வண்டியைச் சங்கிலியால் மேலே இழுக்கும் செயின் லிஃப்ட்), 2022இல் வந்த 10303 (3,756 துண்டுகள், 92 செ.மீ. உயரம், இரண்டு லூப்). இரண்டாவது, குச்சிகளையும் இணைப்பிகளையும் கோத்துக் கட்டும் கேநெக்ஸ் கோஸ்டர்கள். மூன்றாவது, 3டி பிரிண்டரில் உடலை அச்சடித்து, எஃகு அச்சும் குட்டி பேரிங்கும் வைத்து வீட்டிலேயே கட்டுபவை. மூன்றுக்கும் ஒரே புட்டி சரிப்படாது.

லூப் இருக்கும் மாடலில்தான் உராய்வின் குணம் பளிச்சென்று தெரியும். உராய்வே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், வட்ட வடிவ லூப்பைத் தாண்ட வண்டி லூப்பின் அடிமட்டத்திலிருந்து ஆரத்தைப் போல் 2.5 மடங்கு உயரத்தில் கிளம்ப வேண்டும். ஆரம் 10 செ.மீ. என்றால் 25 செ.மீ. அதற்கு மேல் எத்தனை செ.மீ. கூடுதலாக இருக்கிறதோ அதுதான் உராய்வுக்குக் கொடுக்க நம்மிடம் உள்ள சில்லறை. சக்கரக் குடத்தில் (அச்சு நுழையும் நடுப்பகுதியில்) சிக்கிய ஒரு முடி அதை முழுக்கத் தின்றுவிடும்.

மசகைத் தேர்ந்தெடுக்கும் முன் பிளாஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். லெகோ கட்டைகளில் பெரும்பாலானவை ஏ.பி.எஸ். பிளாஸ்டிக், கண்ணாடி போன்ற துண்டுகளில் பாலிகார்பனேட் உண்டு. கேநெக்ஸ் குச்சிகளும் இணைப்பிகளும் அசிட்டால் வகை. அது இயல்பிலேயே வழுக்கும், எண்ணெய்களுக்கும் அசையாது. தகராறு செய்பவை ஏ.பி.எஸ்., பாலிகார்பனேட், பாலிஸ்டைரின் மூன்றும்தான். பெட்ரோலியக் கரைப்பான் பட்ட உடனே இவை உருகிவிடாது, அதனாலேயே ஏமாந்துபோகிறோம். இறுக்கிச் செருகிய இடத்தில், அதாவது பொருள் ஏற்கெனவே இழுவிசையில் இருக்கும் இடத்தில், நாட்கள் கழித்து மயிரிழை போன்ற வெடிப்புகள் வரும். மேசையில் சும்மா கிடந்த துண்டில் சொட்டு விட்டுப் பார்த்து ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று முடிவுகட்டுவது செல்லாது. உபரித் துண்டு ஒன்றை லேசாக வளைத்து ரப்பர் பேண்டால் கட்டி, வளைந்த முதுகில் மசகைத் தடவி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். வெளுப்பும் கோடும் தெரியாவிட்டால் துணிந்து போடலாம்.

இப்போது ஒவ்வொன்றாக.

டபிள்யூடி-40: வீட்டில் எப்போதும் இருப்பதால் முதல் பலி இதற்குத்தான். 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் நீரை விரட்டுவதற்காகச் செய்த 40ஆவது கலவை. பெயரே அதைத்தான் சொல்கிறது: ‘வாட்டர் டிஸ்ப்ளேஸ்மென்ட்’, 40. பெரும்பகுதி கரைப்பான். அது பறந்துபோனபின் மிஞ்சுவது மெல்லிய எண்ணெய்ப் படலம். பாலிகார்பனேட்டிலும் தெளிவான பாலிஸ்டைரினிலும் அடிக்காதீர்கள் என்று தயாரிப்பாளரே எச்சரிக்கிறார். துருப்பிடித்த கதவுக் கீலுக்கு நல்லது. பொம்மை வண்டிக்கு வேண்டாம்.

தையல் மெஷின் எண்ணெய்: மெல்லிய கனிம எண்ணெய். எஃகு பேரிங்குக்குள் போட்டால் அருமையாக வேலை செய்யும், எந்தத் தெருவிலும் கிடைக்கும். ஆனால் பிளாஸ்டிக் குடத்தில் விட்டால் ஊர்ந்து வெளியே வந்து ட்ராக் முழுக்கப் பரவும். ஏ.பி.எஸ். வெடிப்புக் கதையும் இதற்குப் பொருந்தும்.

தேங்காய் எண்ணெய்: சுமார் 24 டிகிரியில் உறைந்துவிடும். மார்கழிக் காலையில், அல்லது ஏ.சி. அறையில், வண்டி நகராது. நாள்பட்டால் பிசுக்கு, வாடை, எறும்பு.

கேரம் பவுடர்: யோசனை மோசமில்லை, உலர் மசகு என்ற கொள்கை சரிதான். ஆனால் போரிக் அமிலம் கலந்த பவுடர்களும் கடையில் உண்டு; குழந்தைகள் வாயில் வைக்கும் பொருளில் அது கூடாது. முகப்பவுடர் ஈரக்காற்றை உறிஞ்சிக் கட்டிதட்டும்.

கிராஃபைட்: உலோக அச்சு, மரச் சக்கரம் என்றால் நன்றாக இருக்கும். கலர் பிளாஸ்டிக்கில் கறுப்புக் கறை போகவே போகாது. மின்சாரம் கடத்தும் பொருள் என்பதால் மோட்டார், பேட்டரித் தகடு பக்கம் உதிரக் கூடாது. பென்சில் கூரைச் சுரண்டிப் போடுவது இன்னும் மோசம். அதில் களிமண் கலந்திருக்கிறது, அச்சைத் தேய்க்கும்.

சிலிகான் எண்ணெய்: ஏ.பி.எஸ்.ஸோடு சண்டை போடாது, வெயிலிலும் குளிரிலும் குணம் அதிகம் மாறாது. ஆர்.சி. (ரிமோட்டில் ஓடும்) கார் கடைகளில் பாகுநிலை எண் போட்டு விற்கிறார்கள். சக்கரக் குடத்துக்கு 50 முதல் 100 செண்டிஸ்டோக்ஸ் போதும். டிஃபரென்ஷியலுக்கு விற்கும் பல்லாயிரம் எண் எண்ணெயைத் தவறி எடுத்தால் சக்கரம் வெல்லப்பாகில் சுற்றுவது போலச் சுற்றும். குறைகள் மூன்று. எஃகும் எஃகும் உரசும் இடத்தில் இதன் படலம் தாங்காது, ஆகவே பேரிங்குக்கு ஆகாது. பட்ட இடத்தில் பிறகு பெயிண்டும் பசையும் ஒட்டாது. தூசியையும் கூட்டிச் சேர்க்கும்.

டெஃப்ளான் உலர் பவுடர்: பிளாஸ்டிக் குடமும் அச்சும் உள்ள வண்டிக்கு எங்கள் தேர்வு இதுதான். மாடல் ரயில்காரர்கள் பல காலமாகப் பயன்படுத்தும் லபெல் 134 இந்த வகை. எண்ணெய் இல்லை, அதனால் தூசி ஒட்ட வழியில்லை, கறை இல்லை, எந்தப் பிளாஸ்டிக்கையும் தொந்தரவு செய்யாது. திரவமாக வரும் உலர் டெஃப்ளான்களும் உண்டு. அவற்றில் டெஃப்ளானைச் சுமந்து வரும் கரைப்பான் எது என்று லேபிளில் பாருங்கள்: ஐசோபுரோபைல் ஆல்கஹால் என்றால் ஏ.பி.எஸ்.ஸில் சரி, நாஃப்தா, ஹெப்டேன் என்றால் தவிர்க்கலாம். பவுடரை ஊதக் கூடாது, மூக்கில் முகக்கவசம் இருக்கட்டும். மெழுகுவத்தி, சூடான சால்டரிங் அயர்ன் பக்கத்தில் இந்த வேலை வேண்டாம்; மிகவும் சூடானால் டெஃப்ளான் நச்சுப் புகை விடும்.

போடும் முறை. வண்டியை ட்ராக்கிலிருந்து எடுத்துக் கவிழ்த்து, டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு குடத்தையும் பாருங்கள். மேலே ஓடும் சக்கரம் மட்டுமல்ல, ட்ராக்கின் அடியில் பிடிக்கும் சக்கரமும்தான். வண்டி ட்ராக்கை விட்டுத் தூக்கிக்கொள்ளாமல் தடுக்கும் இந்த அடிச்சக்கரத்துக்கு அமெரிக்கக் கோஸ்டர் வடிவமைப்பாளர் ஜான் மில்லர் 1919இல் காப்புரிமை வாங்கினார். அது வந்தபின்தான் நிஜ கோஸ்டர்களுக்குத் துணிச்சலான வளைவுகள் சாத்தியமாயின. மாடலில் நாம் மறந்துவிடுவதும் இதே சக்கரத்தைத்தான். முடியைக் கூர்முனை ட்வீசரால் இழுங்கள். வராவிட்டால் ஊசியால் வெட்டி இழுங்கள். பிறகு வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு மென்மையான பிரஷ்ஷால் கழுவி, ஓர் இரவு உலர விடுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம். பசை மிச்சமிருந்தால் பஞ்சுக்குச்சியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுக் குடத்தை மட்டும் துடைக்கலாம். அச்சிட்ட எழுத்து, ஸ்டிக்கர் மேல் பட்டால் அழியும். பாலிகார்பனேட் கண்ணாடித் துண்டிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நன்றாகக் காய்ந்தபின், 0 நம்பர் பெயிண்ட் பிரஷ்ஷின் நுனியில் ஒட்டுமளவு பவுடர். சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள இடுக்கில் வைத்து, விரலால் சக்கரத்தை இரு திசையிலும் முப்பது நாற்பது சுற்று. கவிழ்த்துத் தட்டி மிச்சத்தை உதிர்க்க வேண்டும். சக்கரத்தின் ஓடும் பரப்பை உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். லெகோ வண்டியின் அடித்தட்டில் சக்கரங்கள் ஆலையிலேயே பூட்டி வருகின்றன. அவற்றை நெம்பிக் கழற்ற முயன்றால் பிடி தளர்ந்து சக்கரம் ஆடும், அந்த ஆட்டம் வேகத்தை உராய்வைவிட அதிகம் குடிக்கும். இடுக்கு வழியே போவதே போதும். திரவ வகையென்றால் புட்டியை நன்கு குலுக்கி, பல்குத்தும் குச்சியின் நுனியில் தொட்டு வைத்து, அரை மணி நேரம் காய்ந்தபின் ஓட்டுங்கள். குலுக்காவிட்டால் டெஃப்ளான் அடியில் தங்கி, வெறும் கரைப்பானைத்தான் போட்டிருப்பீர்கள்.

பேரிங் வண்டிகளுக்குக் கணக்கு வேறு. 683 (3×7×3 மி.மீ.), 623 (3×10×4 மி.மீ.) போன்ற குட்டி பேரிங்குகள் பெரும்பாலும் கிரீஸ் அடைத்தே வரும். சில பத்து கிராம் எடையுள்ள வண்டிக்கு அந்த கிரீஸ் பெரிய சுமை. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஊறவைத்து, சுற்றி, மாற்றி, மூன்று முறை கழுவி உலர்த்துங்கள். பிறகு லபெல் 108 போன்ற மெல்லிய எண்ணெய். சாதாரணத் துளி ஒன்று சுமார் 0.05 மி.லி.; 3 மி.மீ. பேரிங்குக்கு அது பலமடங்கு அதிகம். ஊசி நுனியை எண்ணெயில் தொட்டு, நுனியில் ஒட்டியதை மட்டும் உள்வளையத்தின் ஓரத்தில் வையுங்கள். எண்ணெயே போடாமல் விட்டால் விரலால் சுண்டும்போது இன்னும் நேரம் சுற்றும், பார்க்க அழகாக இருக்கும். சில வாரத்தில் கடலோர ஈரக்காற்றில் துருப்பிடித்துக் கரகரக்கும்.

பேரிங் வாங்க விருப்பமில்லாதவர்கள் 3டி பிரிண்டருக்கான டெஃப்ளான் குழாயை (வெளியே 4 மி.மீ., உள்ளே 2 மி.மீ.) துண்டு போட்டுப் புஷ்ஷாக (அச்சு சுற்றும் உள்ளுறையாக) வைக்கலாம். 2 மி.மீ. எஃகு அச்சு அதில் இறுக்கமாக இருக்கும், 2.1 மி.மீ. டிரில் பிட்டைக் கையால் சுற்றி விட்டால் வழிவிடும். மசகே தேவையில்லை. பி.எல்.ஏ. (3டி பிரிண்டர் பிளாஸ்டிக்) துளையில் நேரடியாக எஃகு அச்சை ஓட்டி எண்ணெய் விட்டுக்கொண்டே இருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

போடக் கூடாத இடங்களும் உண்டு. 10261இன் ஸ்டேஷனில் வண்டியைத் தள்ளும் ரப்பர் சக்கரத்துக்குப் பிடிப்புதான் வேலை. ஒரு துளி சிலிகான் பட்டால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும், ரப்பர் மட்டும் சுற்றும். பிரேக் பட்டை, ட்ராக்கின் மேற்பரப்பு இரண்டும் அப்படியே. இரும்புச் சக்கரம் ஓடும் பழைய மரக் கோஸ்டர்களில் தண்டவாளத்துக்கு கிரீஸ் போடுவார்கள் என்று கேள்விப்பட்டு மாடல் ட்ராக்கிலும் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். பிளாஸ்டிக் ட்ராக்கில் அது தூசிக்கு வைக்கும் பந்தி. லிஃப்ட் செயினுக்கும் எண்ணெய் வேண்டாம். செயின் திணறினால் பெரும்பாலும் அது அளவுக்கு மேல் இறுகியிருக்கும். ஒரு கண்ணி கூட்டிப் பாருங்கள். மோட்டார் கியர் கத்தினால் மட்டும் சூப்பர் லூப் 21030 போன்ற, உணவுத் தொழிலுக்கான தரச்சான்று பெற்ற செயற்கை கிரீஸ், அரை அரிசி அளவு, பல்லின் மேல்.

பலன் தெரிந்ததா என்று சுண்டிப் பார்த்துச் சொல்ல முடியாது, எடை ஏறாத சக்கரம் பொய் சொல்லும். நேர் ட்ராக்கின் ஒரு முனையை 5 செ.மீ. உயர்த்தி, வண்டியை முழு எடையோடு விட்டு, நிற்கும் இடம்வரை கிடைமட்டத் தூரத்தை அளக்கவும். உயரத்தைத் தூரத்தால் வகுத்தால் உராய்வின் கணக்கு கிடைக்கும்: 250 செ.மீ. ஓடினால் 0.02; மசகுக்குப் பின் 320 செ.மீ. ஓடினால் சுமார் 0.016. ஐந்து முறை ஓட்டிச் சராசரி எடுங்கள். இந்த எண்ணைப் பெட்டியின் மூடியில் எழுதி வைத்தால், அடுத்த முறை எப்போது சுத்தம் செய்வது என்று காலண்டரைப் பார்க்க வேண்டியதில்லை.

ஏற்கெனவே எண்ணெய் கொட்டியாகிவிட்டது என்றால், துண்டுகளைக் கழற்றிச் சோப்பு நீரில் ஒரு மணி நேரம் போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, இருமுறை நல்ல நீரில் அலசுங்கள். மோட்டாரும் பேட்டரிப் பெட்டியும் தண்ணீர் பக்கமே போகக் கூடாது. சிலிகான் பட்ட துண்டுக்குச் சோப்பு ஒருமுறை போதாது, மூன்று முறையாவது வேண்டும். ட்ராக்கைப் பஞ்சு உதிராத துணியால் துடைத்து, வெள்ளைத் துணியை அதன்மேல் இழுத்துப் பாருங்கள். கோடு விழுந்தால் இன்னும் எண்ணெய் இருக்கிறது.