லூடெரிக் தூண்டில் செட்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதைக் கடையிலேயே விட்டுவிடலாம்

குளிர்காலம் நெருங்கினால் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் தூண்டில் கடைகளில் லூடெரிக் மீனுக்கான சாமான்கள் முன்னுக்கு வந்துவிடும். சுவரில் தொங்கும் ரெடிமேட் பாக்கெட், ஆளைப்போல இரண்டு மடங்கு நீளமுள்ள கோல், வண்டிச் சக்கரம் மாதிரி ஒரு ரீல். மூன்றையும் ஒரே மூச்சில் வாங்கிக்கொண்டு சிட்னி துறைமுகத்துப் படகுத்துறை ஜெட்டியிலோ ஸ்வான்சீ கால்வாய்க் கரையிலோ போய் நின்றால், பக்கத்தில் இருப்பவர் வரிசையாக மீன் தூக்குவார், நம் தக்கை மட்டும் ஆடி ஆடி ஓய்ந்துபோகும். மீன் ஒன்றுதான், இரையாகப் போடும் பாசியும் ஒன்றுதான். தக்கையில் ஏற்றியிருக்கும் ஈயத்தின் கணக்கில்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும். ஆகவே இந்த விமர்சனத்தில் நிறைய இடம் தக்கைக்கே போகிறது.

மீனைப் பற்றி நாலு வரி. கிரெல்லா ட்ரைகஸ்பிடேட்டா என்பது இதன் அறிவியல் பெயர். உள்ளூரில் பிளாக்ஃபிஷ் என்பார்கள், நியூசிலாந்தில் பரோரே. உடம்பில் குறுக்கே மெல்லிய கறுப்புப் பட்டைகள், சின்ன வாய், முனை மூன்றாகப் பிளந்த சிறு பற்கள். மன்னார், ராமேஸ்வரம் பக்கத்து ஓரா மீனைப் பார்த்தவர்களுக்கு இதன் சுபாவம் உடனே பிடிபடும்: பாசியை மேயும், நுனி நுனியாகக் கடிக்கும், அவசரப்படாது. இரையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஜாதி இல்லை. வாயில் வைத்த பாசியோடு சேர்ந்து ஏதோ ஒன்று மேலே இழுக்கிறது என்று பட்டால் அப்படியே துப்பிவிடும். செட்டில் உள்ள ஒவ்வொரு சாமானையும் இந்த ஒரு குணத்தை வைத்துத்தான் எடை போட வேண்டும்.

முதலில் ரெடிமேட் பாக்கெட். பொதுவாக உள்ளே ஒரு தக்கை, ஓட்டையுள்ள ஓர் ஈயம், நரம்பில் கோக்கத் துளையுள்ள ஒரு சிறு மணி, இரண்டு மூன்று ரப்பர் தடுப்பு, ஒரு சுவிவல் (நரம்புகளை இணைக்கும் சுழல் வளையம்), நரம்பில் கட்டிய தூண்டில் முள் இரண்டு இருக்கும். தக்கை சில சமயம் தேறும். சுவிவல் தேறும். முள்தான் பெரும்பாலும் தேறாது. 4ஆம் 6ஆம் நம்பர் தடித்த முள்ளைக் கட்டி, அதை 6 கிலோ தாங்கும் நரம்பில் தொங்கவிட்டிருப்பார்கள். பாசியைச் சுற்றியதும் அது விளக்குத்திரி போலப் பருத்துவிடும், லூடெரிக்கின் வாய்க்குள் நுழையாது. வேண்டியது 8 அல்லது 10ஆம் நம்பர் (நம்பர் கூடக்கூட முள் சிறிதாகும்), மெல்லிய கம்பி முள். பச்சைச் சாயம் பூசியது கிடைத்தால் நல்லது. வளைவு வட்டமாக இல்லாமல் சதுரமாக மடிந்த ஸ்னெக் வகை முள் பழைய ஆட்களின் விருப்பம். சுற்றிய பாசி அந்த மூலையில் சிக்கி வழுக்காமல் நிற்கும். முள் நரம்பு 2 முதல் 3 கிலோ ஃப்ளோரோகார்பன் இழை, நீளம் 45 முதல் 60 செ.மீ. இவற்றைத் தனியாக வாங்கிக் கட்டிக்கொள்வது பாக்கெட் வாங்குவதைவிட மலிவு.

மணியின் துளையையும் கடையிலேயே பார்த்துவிடுங்கள். ஆழம் அதிகமான இடத்தில் தக்கை நரம்பில் ஓடும். மேலே கட்டிய தடுப்பு முடிச்சு மணியில் இடித்து நிற்கும் இடம்தான் நாம் வைத்த ஆழம். மணியின் துளை பெரிதாக இருந்தால் முடிச்சு உள்ளே புகுந்து தக்கைக்குள்ளும் போய்விடும். 3 மீட்டர் ஆழம் வைத்தோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம், முள் தரையில் கிடக்கும். பாக்கெட்டில் வரும் ரப்பர் தடுப்பும் 3 கிலோ நரம்பில் மெல்ல மெல்ல நழுவும். கம்பளி நூலோ சற்றுத் தடித்த நரம்போ கொண்டு நாமே ஒரு முடிச்சுப் போட்டு, இரண்டு வாலையும் ஒன்றரை செ.மீ. விட்டு நறுக்கினால் போதும். ஒட்ட நறுக்கினால் வால் விறைத்துக்கொண்டு கோலின் வளையங்களில் தட்டும். நீளமாக விட்டால் மடங்கிப் பேசாமல் போய்விடும்.

இனி தக்கை. லூடெரிக் தக்கை நீளமானது: மேலே மெல்லிய குச்சி, நடுவே பால்சா கட்டையிலோ கார்க்கிலோ ஒரு வயிறு, கீழே ஒரு தண்டு. தண்டின் அடியில் பித்தளையோ ஈயமோ பதித்த வகை அலையடிக்கும் பிரேக்வால் (அலைதடுப்புச் சுவர்), ஓட்டம் கடுமையான கால்வாய் ஆகிய இடங்களுக்கு. எறிந்தவுடன் நிமிர்ந்து நிற்கும், காற்றுக்குச் சாயாது. பதிக்காத ஒல்லி வகை ஆற்றங்கரைக்கும் அலையில்லாத ஜெட்டிக்கும். இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஜெட்டிக்குப் போகிறவர் ஒல்லி வகையையே எடுக்கலாம். குண்டுக் கார்க், பிளாஸ்டிக் உருண்டை இவற்றைத் தொடவே வேண்டாம். அவை முங்குவதற்கு மீன் இழுக்க வேண்டிய விசை, லூடெரிக் ஒருநாளும் இழுக்காத விசை.

குச்சியின் கனத்தை விரலால் உருட்டிப் பாருங்கள். 4 மி.மீ. இருந்தால் நல்ல தக்கை, 6 மி.மீ. என்றால் யோசிக்க வேண்டும். குச்சி மெல்லியதாக இருந்தால் தண்ணீருக்கு மேலே தெரியும் ஒவ்வொரு செ.மீ.க்கும் மீன் எதிர்க்க வேண்டிய மிதப்பு குறைகிறது. 4 மி.மீ. குச்சியில் ஒரு செ.மீ.யை முக்க ஏறத்தாழ 0.13 கிராம் போதும். 6 மி.மீ. குச்சிக்கு அதைப்போல இரண்டேகால் மடங்கு வேண்டும்.

ஈயம் கட்டுவதில் பலரும் சறுக்கும் இடம் வீட்டு வாளி. குழாய்த் தண்ணீரில் தக்கையைப் போட்டு, குச்சி ஒன்றரை செ.மீ. தெரியும்படி ஈயத்தைச் சரிசெய்துகொண்டு கிளம்புவார்கள். கடல்நீர் நன்னீரைவிட சுமார் இரண்டரை சதவீதம் அடர்த்தி. தக்கையும் ஈயமும் சேர்ந்து 20 கிராம் என்றால் கடலில் அரை கிராம் மிதப்பு கூடுதலாகக் கிடைக்கும். 4 மி.மீ. குச்சியில் அந்த அரை கிராம் என்பது 4 செ.மீ. வாளியில் ஒன்றரை செ.மீ. தெரிந்த தக்கை ஜெட்டியில் ஐந்தரை செ.மீ. நிமிர்ந்து நிற்கும், மீன் கொத்தும்போது தலையாட்டும், உள்ளே போகாது. பிபி அளவுப் பிளவு ஈயக்குண்டு ஒன்று 0.4 கிராம். அதில் ஒன்றைக் கூடுதலாகக் கடித்து மாட்டினால் கணக்குக் கிட்டத்தட்ட நேராகிவிடும். நல்ல மழைக்குப் பிறகு ஆற்றில் நன்னீர் இறங்கும்போது இதுவே தலைகீழ்: கடலுக்குச் சரிசெய்த தக்கை காணாமல் போகும், ஒரு குண்டைக் கழற்ற வேண்டும். அதனால் ஓட்டை ஈயத்தை மட்டும் நம்பாமல், பெரும்பகுதி எடையை அதில் வைத்து, கடைசி ஒரு கிராமைச் சின்னக் குண்டுகளாக வைத்துக்கொள்வது நல்லது. ஓட்டை ஈயம் தக்கைக்குக் கீழே, சுவிவலுக்கு மேலே உட்கார வேண்டும். முள் நரம்பில் ஒரு பொடிக் குண்டு, முள்ளுக்கு ஒரு சாண் மேலே. ஓட்டம் வேகமாக இருந்தால் பாசி மேலே பறக்காமல் அது பிடித்துவைக்கும்.

பெயின்ட் உரிந்த பால்சா தண்ணீரைக் குடிக்கும். காலையில் சரியாக நின்ற தக்கை மதியத்துக்குள் முங்கத் தொடங்கினால் ஈயத்தைக் குறைசொல்ல வேண்டாம், குச்சி வயிற்றில் சேரும் மூட்டைப் பாருங்கள். கீறல் அங்கேதான் விழும். கடையில் எடுக்கும்போதே அந்த மூட்டில் வார்னிஷ் முழுதாக இருக்கிறதா என்று நகத்தால் தடவிவிட்டு வாங்குங்கள்.

ரீல் விஷயத்தில் கட்சிகள் உண்டு. பிரிஸ்பேனில் 1920இல் தொடங்கிய ஆல்வி நிறுவனத்தின் சைடுகாஸ்ட் ரீல் ஆஸ்திரேலியக் கடற்கரைகளில் எங்கும் தென்படும். எறியும்போது சக்கரத்தைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டு, எறிந்த பின் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். லூடெரிக்குக்கு இதன் பலம் எறிவதில் இல்லை, விடுவதில்தான். ஓட்டம் தக்கையை இழுத்துக்கொண்டு போகும்போது சக்கரம் தானாகச் சுழன்று நரம்பைக் கொடுக்கும். தக்கை முங்கியதும் உள்ளங்கையை விளிம்பில் வைத்தால் அந்த நொடியே பிடி விழும். 6 அங்குலச் சக்கரம் நிறைய நரம்பு இருக்கும்போது ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 47 செ.மீ. சுருட்டும், 30 மீட்டர் தள்ளிப் போன தக்கையைத் திரும்பக் கொண்டுவரக் கை நோகாது. பல்சக்கரமோ கியரோ இல்லாததால் உப்புத் தண்ணீரில் கெட்டுப்போக உள்ளே அதிகம் ஒன்றுமில்லை; வீட்டில் நல்ல தண்ணீரில் அலசி அச்சில் கொஞ்சம் கிரீஸ் வைத்தால் போதும்.

குறை ஒன்று உண்டு, அது வடிவத்திலேயே உள்ளது. பக்கவாட்டில் கழன்று நேராகச் சுருளும் நரம்பில் ஒவ்வொரு எறிக்கும் முறுக்கு ஏறும். சுவிவல் கொஞ்சம் தாங்கும், முழுதாக அல்ல. ஜெட்டியில் தூரம் எறிய வேண்டிய அவசியமே இல்லாததால், சக்கரத்தைத் திருப்பாமல் இடது கையால் இரண்டு மூன்று மடிப்பு நரம்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு தக்கையை ஊசலாட்டி வீசிவிடலாம், முறுக்கே ஏறாது. ராட்செட் (சக்கரம் தானாகச் சுழலாமல் பிடிக்கும் பல்தடை) உள்ள மாடல் என்றால் தக்கை போகும்போது அதைத் தட்டி விலக்கிவிட வேண்டும்.

சாதாரண ஸ்பின்னிங் ரீல் வீட்டில் இருக்கிறதென்றால் முதல் சீசனுக்குப் புதிது வாங்க வேண்டாம். நரம்பைச் சுருட்டும் அதன் வளைகம்பியைத் திறந்து வைத்து, ஆள்காட்டி விரலால் நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். தக்கை முங்கினால் விரலால் நரம்பைக் கோலோடு அழுத்திக்கொண்டு தூக்குங்கள், கம்பியை அதன்பிறகு மூடலாம். மூடிவிட்டுத் தூக்கலாம் என்று போனால் அதற்குள் மீன் துப்பியிருக்கும்.

முதன்மை நரம்பு 3 முதல் 4 கிலோ நைலான். பின்னல் நரம்பு வேண்டாம், துவண்டுபோய்த் தக்கையின் குச்சியைச் சுற்றிக்கொள்ளும், தடுப்பு முடிச்சும் அதில் நிற்காது. நைலான் கடல்நீரைவிடக் கனம். விட்டுவிட்டால் தக்கைக்கும் கோலுக்கும் நடுவே தொய்ந்து முங்கும், தூக்கும்போது முதல் இழுவை முழுவதும் தண்ணீரைக் கிழிப்பதிலேயே போய்விடும். தடுப்பு முடிச்சுக்கு மேலே உள்ள 20, 30 மீட்டருக்கு வாசலின் தடவுங்கள். முடிச்சுக்குக் கீழே தடவக்கூடாது, ஈயம் இறங்கத் தாமதமாகும்.

கோல் 3.2 முதல் 3.6 மீட்டர், மெதுவாக வளையும் வகை, ரீல் பிடிப்பு அடிக்கு அருகில். ஒரு காலத்தில் ரங்கூன் மூங்கிலில் செய்தார்கள், இன்று கிராஃபைட். நீளம் எதற்கென்றால் நரம்பைத் தண்ணீரில் படாமல் தூக்கிவைக்கவும், கரையோரம் மீன் தலைகுப்புறப் பாயும்போது 2 கிலோ நரம்பு அறாமல் வளைந்து கொடுக்கவும். கடையில் நுனியைப் பிடித்து மெதுவாக இழுக்கச் சொல்லிப் பாருங்கள். நடுக்கோல் வரை வளைய வேண்டும். நுனி மட்டும் வளைந்து கீழே கம்பாக நின்றால் அது வேறு மீனுக்கான கோல்.

பாசியைச் சீசனில் சில கடைகள் விற்கும். நூல்போன்ற மெல்லிய கரும்பச்சைப் பாசி நல்லது. வெளுத்துத் தடித்தது இரண்டாம்பட்சம். கடலோரப் பாறையில் நின்று பிடிப்பவர்கள் இலைபோன்ற முட்டைக்கோஸ் பாசியை எடுப்பார்கள். ஈரச் செய்தித்தாளில் சுற்றிக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் சில நாள் தாங்கும், ஃப்ரீசரில் வைத்தால் கூழாகிவிடும். பத்து செ.மீ. நீளத்தில் ஏழெட்டு இழையை எடுத்து, முள்ளின் கண்ணுக்கு மேலே நரம்பில் ஓர் அரைமுடிச்சால் பிடித்து, தண்டோடு பின்னல்போட்டு இறக்கி, வளைவில் இன்னொரு சுற்று. கீழே தொங்கும் வால் ஒன்றரை செ.மீ.க்கு மேல் இருந்தால் கிள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் மீன் வாலை மட்டும் தின்றுவிட்டுப் போகும். மிச்சப் பாசியைப் பொடியாக நறுக்கி ஈர மணலோடு பிசைந்து, ஓட்டத்தின் மேற்புறம் கைப்பிடி கைப்பிடியாகத் தூவ வேண்டும். மணல் இல்லாவிட்டால் தீனி மேலேயே மிதந்து போய்விடும், மீன் இருக்கும் ஆழத்துக்கு இறங்காது.

தக்கை நடுங்கும்போது சும்மா இருங்கள். குச்சி மெதுவாக, லிஃப்ட் இறங்குவதுபோல இறங்கி மறையும். மறைந்து ஒரு முழம் போன பிறகு கோலைத் தூக்கினால் போதும், சுண்டி இழுக்க வேண்டாம். தொடர்ந்து நடுங்கிக்கொண்டே இருந்து முங்காவிட்டால் ஆழத்தை 30 செ.மீ. மாற்றிப் பாருங்கள், அதற்கும் மசியாவிட்டால் இன்னொரு குண்டு ஈயம்.

எல்லோரும் மறப்பது வலை. ஜெட்டியிலிருந்து தண்ணீர் வரை எட்டும் கைப்பிடி இல்லாமல் ஒரு கிலோ மீனை 2 கிலோ நரம்பில் அந்தரத்தில் தூக்கினால் பாதி வழியில் அறுந்துவிடும். ரீலுக்குச் செலவழிக்க வைத்திருந்ததில் கொஞ்சம் எடுத்து முடிச்சில்லாத வலையும் நீளக் கைப்பிடியும் வாங்கலாம்.

உரிமச் சீட்டு வேறு: 3 நாளுக்கு 7 டாலர், மாதத்துக்கு 14, ஆண்டுக்கு 35. நியூ சவுத் வேல்ஸில் 27 செ.மீ.க்குக் குறைந்த லூடெரிக்கைத் திரும்ப விட வேண்டும், ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 10 மீன். எடுத்துக்கொள்ளும் மீனின் செவுளை அங்கேயே அறுத்து இரத்தத்தை வடித்துவிடுங்கள். குடலோடு வயிற்றின் உட்புறக் கறுப்புத் தோலையும் சுரண்டி எடுத்துவிட வேண்டும். பாசி நாற்றம் அதில்தான் இருக்கிறது. தோலை உரித்துப் புளிக்குழம்பில் போட்டால் குறைசொல்ல ஒன்றுமில்லை, வறுப்பதற்கு மட்டும் கொஞ்சம் மென்மையான சதை.